சுண்டைக்காய் கால் பணம்... சுமைகூலி முக்கால் பணம்! - பனிமலைப் பந்தயத்தின் பட்ஜெட் கணக்கு

'பனிச்சறுக்குப் பந்தயம்' என்றதும் நம் கண்முன் வருவது ஒலிம்பிக் போட்டிதான். உடம்போடு ஒட்டிய உடையில், கார் வேகத்தில் மலையிலிருந்து பாய்ந்து வரும் வீரர்கள், விநாடியில் நூறில் ஒரு பங்கில் கைநழுவும் பதக்கம்... அதெல்லாம் டி.வி-யில் பார்ப்பதற்குத்தான், நமக்கு ஏது என்று சேனலை மாற்றிவிடுவோம்.

ஆனால், அமெரிக்காவின் பனிமலை ரிசார்ட்களுக்குப் போனால் வேறு ஒரு காட்சியைப் பார்க்கலாம். சரிவில் சிவப்பு, நீல நிறத்தில் வரிசையாகக் கம்பங்கள். மேலே ஒரு சின்னக் கொட்டகை. அங்கே க்யூவில் நிற்பது யார் தெரியுமா? 6 வயதுச் சிறுமி, அவளுடைய அப்பா, பக்கத்து ஊர் பல் டாக்டர், 75 வயதுத் தாத்தா! எல்லோரும் ஒரே பாதையில், ஒரே கடிகாரத்தில் ஓடுகிறார்கள். ஓட்டத்துக்கான கட்டணம் மலைக்கு மலை மாறும். பெரும்பாலும் 10 டாலருக்கு அக்கம்பக்கம்தான்.

'அட, இவ்வளவு மலிவா?' என்று கேட்கத் தோன்றுகிறதா? அவசரப்படாதீர்கள். பந்தயம்தான் மலிவு. பந்தயம் தொடங்கும் இடத்துக்குப் போய்ச் சேர்வதுதான் பர்ஸைப் பதம் பார்க்கும். அமெரிக்காவில் குடியிருக்கும் குடும்பமானாலும் சரி, மகன் - மகள் வீட்டுக்குக் குளிர்காலத்தில் போய் வருபவர்களானாலும் சரி... கிளம்புவதற்கு முன் இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்வது நல்லது.

தாத்தாவும் பேத்தியும் மோதலாம்!

சாதாரண மக்களுக்கான இந்தப் பந்தயத்துக்கு 'நாஸ்டார்' என்று பெயர். 'தேசிய அளவுகோல் பந்தயம்' என்பதன் சுருக்கம். 'ஸ்கீ' என்ற அமெரிக்கப் பத்திரிகையின் ஆசிரியராக இருந்த ஜான் ஃப்ரை, 1968-ல் தொடங்கிவைத்தது. பிரான்ஸில் நடந்துவந்த 'ஷமுவா' என்ற பந்தய முறையைப் பார்த்து அவருக்கு வந்த யோசனை இது. முதல் சீசனில் 8 மலைகளில் மட்டும்தான் நடந்தது. கலந்துகொண்டவர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர். இன்று அமெரிக்காவின் பல மாநிலங்களில் நடக்கிறது.

இதன் சூட்சுமம் ரொம்ப எளிமையானது. ஒவ்வொரு மலையிலும் 'பேஸ் செட்டர்' என்று ஒருவர் இருப்பார். நாட்டின் மிக வேகமான வீரரைவிட இவர் எத்தனை சதவிகிதம் மெதுவானவர் என்று முன்பே கணக்கிட்டு வைத்திருப்பார்கள். உதாரணமாக, அவர் 5 சதவிகிதம் மெதுவானவர் என்று வைத்துக்கொள்வோம். அன்று காலை அவர் அந்தப் பாதையை 26.25 விநாடியில் முடிக்கிறார். அப்படியானால், அந்த தேசிய வீரர் வந்திருந்தால் 25 விநாடியில் முடித்திருப்பார் என்று அர்த்தம். அதே பாதையில் நீங்கள் 30 விநாடி எடுத்துக்கொண்டால், அவரைவிட 20 சதவிகிதம் மெதுவு. அந்த '20'தான் உங்கள் மதிப்பெண். இது குறையக் குறைய நீங்கள் கெட்டிக்காரர்.

பனி இறுகியிருக்கலாம், இளகியிருக்கலாம். மலை செங்குத்தாக இருக்கலாம், சாய்வாக இருக்கலாம். அன்றைய பாதை எப்படியோ, அதே பாதையில்தான் பேஸ் செட்டரும் ஓடியிருக்கிறார். அதனால் கொலராடோவில் ஓடியவரும் வெர்மான்ட்டில் ஓடியவரும் மதிப்பெண்ணை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஏ.ஜே.கிட், டேரன் ரால்வ்ஸ், ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்ற டெட் லிகெட்டி போன்றவர்கள் தேசிய பேஸ் செட்டர்களாக இருந்திருக்கிறார்கள். அதாவது, ஒலிம்பிக் சாம்பியனைவிட நாம் எவ்வளவு பின்தங்கியிருக்கிறோம் என்பதை ஒரு குடும்பத்தலைவி துல்லியமாகத் தெரிந்துகொள்ள முடியும்!

பிளாட்டினம், தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று பதக்கங்கள் உண்டு. வயதையும், ஆணா பெண்ணா என்பதையும் பொறுத்து அவற்றுக்கான வரம்பு மாறும். 25 வயது இளைஞருக்கு வெள்ளி வாங்கித் தரும் மதிப்பெண், 65 வயதுக்காரருக்குத் தங்கம் வாங்கித் தரலாம். வீட்டில் தாத்தாவும் பேத்தியும் போட்டி போட முடிவது இதனால்தான்.

அந்த 10 டாலர் எதற்கு?

பனியில் துளை போட்டுக் கம்பங்களை நட வேண்டும். ஓட்டம் தொடங்கும் இடத்தில் காலால் தள்ளும் ஒரு கோல் இருக்கும். அது விலகியதும் கடிகாரம் ஓடத் தொடங்கும். முடியும் இடத்தில் ஒளிக்கற்றை. அதைக் கடந்ததும் நின்றுவிடும். நூறு பேர் திரும்பிய இடத்தில் பனி அரித்துப் பள்ளம் விழும். அதைச் சமப்படுத்த வேண்டும்; ஆபத்தான இடங்களில் வலை கட்ட வேண்டும். இத்தனை வேலைக்கும் ஆள் வேண்டுமே... அதற்குத்தான் அந்தக் கட்டணம். ரிசார்ட்டுக்கு இதில் பெரிய லாபம் இருப்பதாகச் சொல்ல முடியாது.

பர்ஸைக் காலி செய்யும் டிக்கெட்

லாபம் இருக்கும் இடம் வேறு. மலை உச்சிக்கு ஏற்றிச் செல்லும் லிஃப்ட் டிக்கெட்! கொலராடோவின் வெய்ல் போன்ற பெரிய ரிசார்ட்களில், விடுமுறைக் காலத்தில் கவுன்ட்டரில் நின்று வாங்கினால் ஒரு நாளைக்கு ஒருவருக்கு 300 டாலரைத் தாண்டிவிட்டது. டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தாலும் 25,000 ரூபாய்க்கு மேல். நான்கு பேர் கொண்ட குடும்பம் என்றால் ஒரு நாளைக்கே லட்சம் ரூபாய்! 10 டாலர் பந்தயத்துக்கு 300 டாலர் டிக்கெட். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதுதான்.

இந்த விலைக்குப் பின்னால் ஒரு வியாபாரத் தந்திரம் இருக்கிறது. வெய்ல் ரிசார்ட்ஸ் நிறுவனம் 2008-ல் 'எபிக் பாஸ்' என்ற சீசன் பாஸை 579 டாலருக்குக் கொண்டுவந்தது. 2018-ல் போட்டியாக 'ஐகான் பாஸ்' வந்தது. எபிக் பாஸின் விலை 2025-26 சீசனுக்கு 1,051 டாலரில் தொடங்கியது. கூட்டிக் கழித்துப் பாருங்கள். கவுன்ட்டரில் நான்கு நாள் டிக்கெட் வாங்கும் பணத்தில் சீசன் முழுக்கப் போகலாம். பனி பெய்யுமா, பெய்யாதா என்று தெரிவதற்கு முன்பே நம் பணத்தை நிறுவனம் வாங்கிவிட வேண்டும். அதற்காகத்தான் நாள் டிக்கெட்டை அந்த உயரத்தில் வைத்திருக்கிறார்கள். பாஸ் விற்பனையும் டிசம்பர் தொடக்கத்தில் முடிந்துவிடும். கிறிஸ்துமஸ் லீவில் 'சும்மா ஒரு நாள் போய்ப் பார்க்கலாமே' என்று கிளம்புகிற குடும்பம்தான் இந்த வலையில் வசமாகச் சிக்கும்.

இதனால் விளையாட்டுக்கு ஒரு நஷ்டமும் உண்டு. வாரத்துக்கு இரண்டு நாள் போகும் வசதியுள்ளவருக்கு மலை மலிவாகிக்கொண்டே போகிறது. முதல்முறை ஆசைப்படுபவருக்கு எட்டாக்கனியாகிறது. புதியவர்கள் வராத விளையாட்டு எத்தனை நாள் தாங்கும்?

சின்ன மலை... பெரிய வீராங்கனை!

சரி, நடுத்தரக் குடும்பங்கள் என்ன செய்வது? பதில் மின்னசோட்டா மாநிலத்தில் இருக்கிறது. மினியாபொலிஸ் நகரை ஒட்டி 'பக் ஹில்' என்று ஒரு குன்று. உயரம் 300 அடிக்கு அக்கம்பக்கம். கிட்டத்தட்ட நம் திருச்சி மலைக்கோட்டை அளவுதான்! நெடுஞ்சாலை ஓரத்தில், ஃப்ளட் லைட் வெளிச்சத்தில் இரவிலும் இயங்குகிறது. இந்தக் குன்றில் எரிக் சைலர் என்ற பயிற்சியாளரிடம் பழகிய ஒரு சிறுமிதான் 2010 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற லிண்ட்சே வான்.

சின்ன மலை எப்படிப் பெரிய வீராங்கனையை உருவாக்கும்? அங்கே கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓரிரு நிமிடத்தில் மேலே போய்விடலாம். உடனே சறுக்கி இறங்கலாம். மறுபடி மேலே... பெரிய மலையில் ஒருநாள் முழுக்கக் கிடைக்கும் பந்தய ஓட்டங்களை இங்கே ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம். பந்தயம் பழகத் தேவை மலையின் உயரமல்ல; எத்தனை முறை திரும்பினோம் என்பதுதான்.

இதுபோன்ற குன்றுகளில் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் வாரநாள் மாலைகளில் லீக் பந்தயங்கள் நடக்கும். செல்லமாக 'பீர் லீக்' என்பார்கள். அலுவலகம் முடிந்ததும் நண்பர்கள் அணியாக வந்து ஓடிவிட்டு, ஒன்றாகச் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்புவார்கள். விமான டிக்கெட் இல்லை, ஹோட்டல் வாடகை இல்லை, லீவு போட வேண்டியதில்லை. சீசன் முழுக்கச் சேர்த்தும் சில நூறு டாலரில் முடிந்துவிடும்.

எதில் மிச்சம் பிடிக்கலாம்... எதில் கூடாது?

புதிதாக வருபவர்கள் செய்யும் முதல் வீண்செலவு, டி.வி-யில் பார்த்த அதே பந்தய ஸ்கீயை வாங்குவது. சர்வதேசப் போட்டியில் ஆண்கள் பயன்படுத்தும் 'ஜயன்ட் ஸ்லாலம்' ஸ்கீயின் திருப்ப ஆரம் 30 மீட்டர். பொழுதுபோக்குப் பந்தயத்தின் நெருக்கமான கம்பங்களுக்கு நடுவே அதை வளைப்பது, சந்துக்குள் லாரி ஓட்டுவது போலத்தான். ஆரம் 20 மீட்டர் அளவில் இருப்பதே போதும். புதிதாக வாங்கினால் ஆயிரம் டாலரைத் தொடும். இலையுதிர்காலத்தில் ஸ்கீ கிளப்கள் நடத்தும் பழைய பொருள் சந்தைகளில் சில நூறு டாலருக்கே கிடைக்கும்.

குழந்தைகளுக்கு வாங்கவே வாங்காதீர்கள். கால் அளவு வருடத்துக்கு வருடம் மாறும். சீசன் முழுவதற்கும் வாடகைக்குத் தரும் கடைகள் உண்டு. வசந்தத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த ஆண்டு பெரிய அளவு எடுத்துக்கொள்ளலாம். கொலராடோ போன்ற மாநிலங்களில் தொடக்கப்பள்ளி வயதுக் குழந்தைகளுக்குச் சலுகை பாஸ்களும் இருக்கின்றன.

உடலோடு ஒட்டும் பந்தய உடை, விலை உயர்ந்த வாக்ஸ்... இதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதைவிட, ஸ்கீயின் ஓரத்தைக் கத்திக்குச் சாணை பிடிப்பது போல் கூராக்கி வைப்பது முக்கியம். இறுகிய பனியில் ஓரம் மழுங்கியிருந்தால் பிடிமானமே இருக்காது.

சிக்கனம் பார்க்கவே கூடாத மூன்று உண்டு. முதலாவது பூட். காலுக்குக் கச்சிதமாக இல்லாவிட்டால் ஸ்கீ நம் சொல் கேட்காது. இரண்டாவது ஹெல்மெட். மூன்றாவது, பூட்டையும் ஸ்கீயையும் இணைக்கும் 'பைண்டிங்'. விழும்போது இது சரியான நேரத்தில் கழன்றுகொள்ள வேண்டும். இல்லையென்றால் முழங்கால் முறுக்கிக்கொள்ளும். எடை, உயரம், வயது, பூட்டின் நீளம், சறுக்கும் திறமை எல்லாவற்றையும் பார்த்துக் கடைக்காரர்தான் இதை அமைக்க வேண்டும். எடையைக் குறைத்துச் சொன்னால் ஆபத்து நமக்குத்தான். ரொம்பப் பழைய பைண்டிங் என்றால் கடையில் தொடவே மாட்டார்கள். எனவே, பழைய ஸ்கீ வாங்கும் முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்ஷூரன்ஸில் ஒளிந்திருக்கும் ஒரு வரி

விழுந்து அடிபட்டால் மலையிலிருந்து கீழே கொண்டுவருவதற்கு ரிசார்ட்டின் மீட்புக் குழுவினர் பெரும்பாலும் பணம் கேட்பதில்லை. ஆனால், கீழே நிற்கும் ஆம்புலன்ஸில் ஏறியதிலிருந்து பில் ஓடத் தொடங்கும். இந்தியாவிலிருந்து பயண இன்ஷூரன்ஸ் எடுத்துச் செல்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பல பாலிசிகள் பனிச்சறுக்கையே சாகச விளையாட்டு என்று ஒதுக்கிவிடும். சில, சறுக்குவதற்கு சரி என்று சொல்லிவிட்டு, 'பந்தயத்தில் கலந்துகொண்டால் கிடையாது' என்று பொடி எழுத்தில் எழுதியிருக்கும். 10 டாலர் பந்தயமும் பந்தயம்தானே? படித்துப் பார்த்து, சந்தேகம் இருந்தால் எழுத்துபூர்வமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன்...

* விமானத்தில் போவதென்றால் பூட்டைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கீ தொலைந்தால் வாடகைக்கு எடுக்கலாம். காலுக்குப் பழகிய பூட் கிடைக்காது.

* டென்வரிலிருந்து வெய்லுக்குச் சுமார் 160 கி.மீ. சனிக்கிழமை காலையில் அந்த நெடுஞ்சாலை நம்ம ஊர் பொங்கல் நேரத்து டோல்கேட் போல நிற்கும். அதிகாலையிலேயே கிளம்புங்கள். செப்டம்பர் முதல் மே வரை பனிக்கு ஏற்ற டயர் அல்லது சங்கிலி கட்டாயம்.

* வெய்ல் ஊரே 8,150 அடி உயரத்தில் இருக்கிறது. நம் ஊட்டியைவிட அதிகம். முதல் நாளே பந்தயம் வேண்டாம். தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

* மலை மேல் சாப்பாடு விலை கண்ணைக் கட்டும். புளிசாதமோ சப்பாத்தி ரோலோ கட்டி எடுத்துப்போனால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

* பந்தயப் பாதை நாள் முழுக்கத் திறந்திருக்காது. எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று முன்பே பார்த்து, ஆன்லைனில் பதிவு செய்துவிடுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை ஒரு தங்கம் வாங்கியதும், 'கிளப்பில் சேர்க்கலாமா, தனிப் பயிற்சியாளர் வைக்கலாமா' என்று மனசு பறக்கும். அந்தப் பாதையில் செலவு ஆண்டுக்குப் பல ஆயிரம் டாலர். குடும்பத்தின் வாரக்கடைசிகள் மொத்தமும் மலைக்குப் போய்விடும். பிள்ளையே கேட்கும்வரை காத்திருப்பதில் நஷ்டம் எதுவுமில்லை. இந்தப் பந்தயத்தில் தோற்கடிக்க வேண்டியது பக்கத்து வீட்டுப் பிள்ளையை அல்ல... போன வாரத்து மதிப்பெண்ணை. போன வாரம் 42, இந்த வாரம் 39 என்றால், பதக்கம் இல்லாவிட்டாலும் அந்த வீட்டில் அன்று கொண்டாட்டம்தான்!