போப் என்ன சொன்னா நமக்கென்ன?

இன்னைக்கு எபிசோடு சேத்துப்பட்டுல ஆரம்பிக்குது. சென்னை சேத்துப்பட்டு இல்ல, ஆரணி பக்கத்துல இருக்கிற எங்க ஊரு. அங்க லூர்து மாதா கோயில் இருக்கு. எங்க வீட்டுல யாரும் கிறிஸ்தவங்க கிடையாது. ஆனாலும் பாட்டி அங்க போய் மெழுகுவத்தி ஏத்திட்டு, அப்படியே மாரியம்மனுக்கும் ஒரு கும்பிடு போட்டுட்டு வருவாங்க. அவங்களுக்கு அது ரெண்டு விஷயமே இல்ல.

2025 மே 8-ம் தேதி 14-ம் லியோ போப்பா தேர்வானார். நான் அந்தச் செய்தியையே பாத்துக்கிட்டு இருந்தேன். ஆபீஸ்ல ஒருத்தன் கேட்டான்: "நீ கத்தோலிக்கனா? அவர் என்ன சொன்னா உனக்கென்னடா?"

நியாயமான கேள்விதான். அவர் சொல்றது என்னைக் கட்டுப்படுத்தாது. ஆனா தேர்வான ரெண்டே நாள்ல, லியோங்கிற பேரை ஏன் எடுத்தேன்னு கர்தினால்களுக்கு அவரே விளக்கினார். ஆலைகள் பெருகின காலத்துல, 1891-ல, 13-ம் லியோ தொழிலாளர்களைப் பத்தி 'ரேரும் நோவாரும்'னு ஒரு சுற்றுமடல் எழுதினார். இப்ப ஏஐ அதே மாதிரி இன்னொரு தொழிற்புரட்சி, அதனாலதான் இந்தப் பேருன்னார். இவர் கணக்குல டிகிரி வாங்கினவர். கோடு எழுதிப் பிழைக்கிற எனக்கு அங்கேயே காது நிமிந்துடுச்சு.

உடனே அந்த 1891 மடலைத் தேடிப் படிச்சேன். சோஷலிசத்தை எதிர்க்குது, தனிச்சொத்து வேணும்ங்குது. எல்லாத்தையும் நான் ஒத்துக்கல. ஆனா ஒரு இடத்துல நின்னுட்டேன். முதலாளியும் தொழிலாளியும் பேசி ஒத்துக்கிட்டாங்கங்கிறதாலயே ஒரு கூலி நியாயமாகிடாது, வேற வழியில்லாம ஒத்துக்கிட்டா அது அநியாயம்தான்னு வாதாடுது. எங்க அப்பா பட்டுத்தறி நெய்றவர். முதலாளி பாவு, ஊடை, ஜரிகை எல்லாம் குடுப்பார், சேலை முடிச்சுக் குடுத்தா கூலி. கூலி பத்தலன்னு சொன்னா வர்ற பதில், "ஒத்துக்கிட்டுத்தானே தறியில ஏத்தின?" அந்தப் பதிலுக்கு எதிரான வாதத்தை ரோம்ல ஒருத்தர் எழுதி வெச்சிருக்கார்!

இன்னொண்ணு, மடல் யாருக்குப் போகுதுங்கிறது. முன்னாடி எல்லாம் ஆயர்களுக்கும் கத்தோலிக்கர்களுக்கும்தான் எழுதுவாங்க. 1963-ல 23-ம் ஜான் சமாதானத்தைப் பத்தி எழுதினப்போ, நல்ல மனசுள்ள எல்லாருக்கும்னு சேர்த்தார். 2015-ல பிரான்சிஸ் சுற்றுச்சூழல் பத்தி எழுதினது இந்தப் பூமியில வாழ்ற ஒவ்வொருத்தருக்கும். 2020-ல ஏஐ நெறிமுறைக்காக வாடிகன் முன்னெடுத்த ஆவணத்துல மைக்ரோசாஃப்டும் ஐபிஎம்மும் கையெழுத்துப் போட்டாங்க. கையெழுத்தால என்ன மாறும்? எனக்குச் சந்தேகம்தான். ஆனா ஏஐ பத்திப் பேசுற முக்கால்வாசிப் பேர் கையில விக்க ஏதோ சரக்கு இருக்கு. இவர்கிட்ட அது இல்ல.

அதுக்காக அவர் சொன்னா நடந்துடும்னு இல்ல. 2003 நவம்பர்ல 2-ம் ஜான் பால், தமிழ்நாட்டு ஆயர்கள்கிட்டயே சாதிப் பாகுபாடு கூடாதுன்னு சொன்னார். அதுக்கப்புறமும் இங்க சாதிக்கொரு கல்லறை இருக்கிற ஊர்கள் இருக்கு. அப்போ அந்தப் பேச்சால என்ன பிரயோஜனம்? உங்க தலைவரே இப்படிச் சொல்லியிருக்காரேன்னு பங்குச் சாமியார்கிட்ட ஒரு தலித் கிறிஸ்தவரால கேட்க முடியும். வெளியில இருந்து பாக்கிற நானும் கேட்க முடியும். யாருக்கும் தெரியாம காதுல சொன்ன வார்த்தையா இருந்தா அதுவும் முடியாது.

போன தடவை ஊருக்குப் போனப்ப, அந்தக் கூலிப் பகுதியை அப்பாவுக்குத் தமிழ்ல சொன்னேன். கேட்டுட்டு, "எந்த வருஷம்னு சொன்ன?"ன்னார்.

"1891-ப்பா."

"அப்பவே சொல்லிட்டாங்களா?" கொஞ்ச நேரம் எதுவும் பேசல. "நம்ம முதலாளிகிட்ட யாரும் சொல்லல போல."

அடுத்த எபிசோடுல ஒரு சேலைக்குக் கூலி எப்படிக் கணக்குப் போடறாங்கன்னு அவரையே பேச வைக்கப் போறேன். மைக்கைப் பாத்தா வெட்கப்படுவார், பாக்கலாம்.