உப்புக்கு வரியில்லை, உப்பளத் தொழிலாளிக்கு உண்டு

தூத்துக்குடி உப்பளங்களில் விளையும் உப்புக்கு சரக்கு மற்றும் சேவை வரி (ஜிஎஸ்டி) கிடையாது. முத்துக்குளித்துறைக் கடலில் பிடிபடும் பச்சை மீனுக்கும் கிடையாது. ஆனால் உப்பு வாரும் பெண் வாங்கும் சோப்பிலும் செருப்பிலும் கைப்பேசி ரீசார்ஜிலும் வரி அடங்கியிருக்கிறது. "ஏழைகள் வரி கட்டுவதில்லை" என்ற கூற்று இங்கேயே பொய்த்துவிடுகிறது.

கணக்கு எளிது. பொட்டலத்தில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலையில் வரி ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. ஆகவே விலையை வரி விகிதத்தால் பெருக்கி, நூறோடு விகிதத்தைக் கூட்டிவரும் எண்ணால் வகுக்க வேண்டும். 236 ரூபாய் ரீசார்ஜுக்கு வரி 18 விழுக்காடு: 236 × 18 ÷ 118 = 36 ரூபாய். இதில் பாதி ஒன்றியத்துக்கு, பாதி மாநிலத்துக்கு.

2025 செப்டம்பர் 22 முதல் குளியல் சோப்புக் கட்டிக்கும், 2,500 ரூபாய்க்கு மிகாத செருப்புக்கும் வரி 5 விழுக்காடு. 42 ரூபாய் சோப்பில் 2 ரூபாய், 210 ரூபாய் செருப்பில் 10 ரூபாய். அரிசியைச் சில்லறையாக எடைபோட்டு வாங்கினால் வரியில்லை. 25 கிலோ வரையிலான முத்திரையிட்ட பைக்கு 2022 ஜூலை 18 முதல் 5 விழுக்காடு. 525 ரூபாய்ப் பையில் 25 ரூபாய். 26 கிலோ மூட்டையை மொத்தமாக வாங்க வசதியுள்ளவருக்கு அதுவும் இல்லை.

நான்கையும் கூட்டினால் 1,013 ரூபாயில் 73 ரூபாய் வரி. மாதம் 10,000 ரூபாய் ஈட்டுபவருக்கு இது வருமானத்தில் 0.73 விழுக்காடு, ஒரு இலட்சம் ஈட்டுபவருக்கு 0.073 மட்டுமே. ஒரே தொகை, பத்து மடங்கு சுமை. மறைமுக வரியின் அநீதி இதுதான்.

ரசீதையும் சரிபாருங்கள். தமிழ்நாட்டில் பதிவுபெற்ற கடையின் ஜிஎஸ்டி எண் 15 இலக்கங்கள் கொண்டது. 33 என்று தொடங்கும். பதிவு பெறாத கடையோ, இணக்கமுறைத் திட்டத்தில் உள்ள கடையோ தனியாக வரி வசூலிக்கக் கூடாது. அச்சிட்ட விலைக்கு மேல் வரி கேட்பதும் சட்டப்படி தவறு.

அரசு நிதி யாரிடமிருந்து வருகிறது என்பது அரசியல் கேள்வி. மாகாண நிதியை ஆராய்ந்து அண்ணல் அம்பேத்கர் 1925இல் நூல் வெளியிட்டார். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டத்துக்குத் தமிழ்நாடு 2024இல் தனிச்சட்டம் இயற்றியது. அந்த நிதி சலுகையன்று. ஒவ்வொரு சோப்பிலும் செருப்பிலும் நம் மக்கள் செலுத்திய பணமும் அதில் இருக்கிறது. கணக்குக் கேட்பது நம் உரிமை.