படிகத்துக்குள் ஆக்சியான்

ஆக்சியான் துகளை இதுவரை யாரும் கண்டதில்லை. அணுக்கருவைப் பிணைக்கும் வலுவிசையில் இருக்க வேண்டிய ஒரு சமச்சீர்க் குலைவு ஏன் தென்படவில்லை என்பதற்கு விடையாக 1977-இல் பெச்சேயும் குவின்னும் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். அது உண்மையானால் இப்படியொரு துகள் இருந்தே தீர வேண்டும் என்று அடுத்த ஆண்டு வைன்பெர்க்கும் வில்செக்கும் காட்டினார்கள். பிரபஞ்சத்தின் கரும்பொருளே இதுவாக இருக்கலாம் என்பதால் தேடல் இன்றும் நடக்கிறது. ஆனால் துகள் சிக்குவதற்கு முன்பே அதன் மின்காந்தக் கணக்கு சில படிகங்களுக்குள் மெய்யாகிவிட்டது. இதை வெறும் பெயர் ஒற்றுமை என்று ஒதுக்குவது சரியல்ல.

மேக்ஸ்வெல்லின் கோட்பாட்டில் ஆக்சியான் சேர்ப்பது ஒரே ஓர் உறுப்பு: மின்புலத்தையும் காந்தப்புலத்தையும் பிணைக்கும் தீட்டா என்ற அளவு. அது எங்கும் எப்போதும் ஒன்றாகவே இருந்தால் ஒன்றும் தெரியாது. இடத்துக்கு இடம் மாறினால், மின்புலம் தனக்குக் குறுக்கே மின்னோட்டத்தை எழுப்பும். காந்தப்புலம் மின்னூட்டத்தைத் திரட்டும். உள்ளே மின்சாரத்தைத் தடுத்து மேற்பரப்பில் மட்டும் கடத்தும் டோபாலஜிக்கல் இன்சுலேட்டர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும் என்று 2008-இல் ஸ்டான்ஃபோர்டின் ஷௌசெங் ஜாங் குழு காட்டியது. உள்ளே தீட்டாவின் மதிப்பு பை (π), வெளியே சுழியம்; மாற்றம் முழுவதும் மேற்பரப்பில் நிகழ்கிறது. 2016-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் பிஸ்மத் செலினைடு மென்படலத்தைக் குளிர்வித்து, காந்தப்புலத்தில் வைத்து, டெராஹெர்ட்ஸ் ஒளியைச் செலுத்தினார்கள். ஒளியின் அதிர்வுத்தளம் படிப்படியாகத் திரும்பியது. அந்தப் படிகளின் அளவை நிர்ணயித்தது ஏறக்குறைய 1/137 என்ற நுண்கட்டமைப்பு மாறிலி.

மின்புலம் காந்தத்தன்மையைத் தூண்டுவது குரோமியம் ஆக்சைடில் 1960-லேயே தெரிந்ததுதானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அங்கே கிடைக்கும் அளவு அந்தப் பொருளின் இயல்பையும் வெப்பநிலையையும் பொறுத்தது. இங்கே அதை இயற்கையின் மாறிலிகளே தீர்மானிக்கின்றன. இன்னொரு மறுப்பு கனமானது: படிகத்துக்குள் இருப்பது எலெக்ட்ரான்களின் கூட்டு நடத்தை, புதிய துகள் அல்ல. அதையும் ஏற்கத்தான் வேண்டும். மாங்கனீஸ் பிஸ்மத் டெலுரைடின் மெல்லிய அடுக்குகளில் தீட்டா நொடிக்கு சுமார் 4,400 கோடி முறை அலைவதை ஹார்வர்டின் சூ-யாங் சூ குழு 2025-இல் அறிவித்தது. அதனால்கூடக் கரும்பொருளைப் பற்றி எதுவும் நிரூபணமாகிவிடவில்லை.

ஆனாலும் தேடலுக்கு அது உதவக்கூடும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஏடிஎம்எக்ஸ் சோதனை, 1983-இல் பியர் சிகிவி சொன்ன வழியில், வலுவான காந்தத்துக்குள் ஓர் உலோகக் குடுவையை வைத்து, ஆக்சியான் மைக்ரோ அலையாக மாறும் தருணத்துக்குக் காத்திருக்கிறது. துகளின் நிறை கூடக்கூடக் குடுவை சிறுக்க வேண்டும், சைகையும் நலிந்துவிடும். தீட்டா அலையும் படிகத்திலோ, அளவைக் குறைக்காமலே வெளிக் காந்தப்புலத்தால் அதிர்வெண்ணை மாற்ற இயலும். அதற்குப் போதுமான பெரிய, ஆற்றல் இழப்புக் குறைந்த படிகங்களை வளர்ப்பதுதான் இப்போதைய முட்டுக்கட்டை.