எதிர்க்கரையில் ஒரு கோட்டை

ஊர்காவற்றுறை இறங்குதுறையில் காரைநகர்ப் பாதைப் படகுக்காகக் காத்து நிற்பவர்களுக்கு அந்தக் காட்சி பழகிப்போனது. கடலின் நடுவே, எந்தக் கரையோடும் ஒட்டாமல், தண்ணீரிலிருந்தே எழுந்து வந்ததுபோல் ஒரு கோட்டை நிற்கும். போர்த்துக்கேயர் கட்டி, 1658 இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கடற்கோட்டை. யாழ்ப்பாணத் தீவகத்தில், நாரந்தனையில் பிறந்த எனக்குச் சின்ன வயதில் அது ஓயாத ஏக்கம். கண்ணுக்கு எட்டும், காலுக்கு எட்டாது. அப்பாவின் சைக்கிள் பாரில் இருந்தபடி, "அங்க எப்ப போறது?" என்று கேட்பேன். "வளர்ந்தாப் பிறகு" என்பார்.

கடந்த மார்கழியில் தங்கை குடும்பம் ரொறன்ரோவிலிருந்து வந்திருந்தது. மருமகன் முற்றத்து வேம்பின் கீழ் கதிரையைப் போட்டுக்கொண்டு, கையடக்கமான விளையாட்டுக் கருவியில் மூழ்கியிருந்தான். எட்டிப் பார்த்தேன். அரண்மனை வாசலிலிருந்து ஒரு சிறு வீரன் வெளியே வருகிறான். அவனுக்கு முன்னால் ஒடுங்கிய கடல். கடலுக்கு அப்பால் ஒரு தீவு, தீவில் கறுத்த கோட்டை.

"மாமா, இதுதான் கெட்டவன்ர கோட்டை. முதல் நாளே தெரியும். ஆனா போகேலாது."

"ஏன்?"

"நடுவில கடல். இன்னும் வளரவேணும், மாமா."

நான் கதிரையை இழுத்து அவன் பக்கத்தில் இருந்தேன். அன்று தொடங்கியது இந்தக் கட்டுரை.

அவன் விளையாடியது டிராகன் குவெஸ்ட். யப்பானில் 1986 மே 27 அன்று முதற் பாகம் வெளிவந்தது. இன்றுவரை பதினொரு முதன்மைப் பாகங்கள் வந்துவிட்டன. பன்னிரண்டாவது 2021 இல் அறிவிக்கப்பட்டது. உலகெங்கும் ஏறத்தாழ 9 கோடிப் பிரதிகள் போயிருக்கின்றன. பூதங்கள், மந்திரவாதிகள், தொலைந்த வாள்கள், சிறையிருக்கும் இளவரசிகள் நிறைந்த கற்பனை உலகம் அது. அதை வடிவமைத்தவர் யூஜி ஹோரி. 1954 இல் பிறந்தவர். பிறந்த இடம் அவாஜி, யப்பானின் உள்நாட்டுக் கடலில் உள்ள ஒரு தீவு. ஹோரி வளர்ந்த காலத்தில் அங்கிருந்து கோபே பக்கம் போவதென்றால் கப்பல்தான். தூண்களுக்கிடையே 1991 மீற்றர் தாவும் அக்காஷி பாலம் 1998 இல்தான் திறக்கப்பட்டது.

முதற் பாகத்தின் கடைசிக் கட்டத்தில் வீரன் அந்த ஒடுங்கிய கடலைக் கடப்பது வள்ளத்தில் அல்ல. வானவில் ஒன்று பாலமாக விரிகிறது, அதன்மேல் நடந்து போகிறான். ஹோரி எதை நினைத்து அதை வைத்தாரோ, பண்ணைப் பாலத்தால் பட்டணம் போய்வந்து வளர்ந்த எனக்கு அது ஒரு தீவுப் பிள்ளையின் கனவாகத்தான் படுகிறது.

இந்த வகை விளையாட்டை ரோல்-பிளேயிங் கேம் என்பார்கள். வேர் அமெரிக்காவில் இருக்கிறது. 1974 இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ், மேசையைச் சுற்றி இருந்து விளையாடுவது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஒரு போர்வீரன், ஒரு மந்திரக்காரி, ஒரு கள்வன் என்று பாத்திரமேற்பார்கள். வீசிய வாள் பட்டதா, தப்பியதா என்பதைப் பகடை சொல்லும். தாயம் ஆடியவர்களுக்கும் விடிய விடியக் கூத்துப் பார்த்தவர்களுக்கும் இதை விளக்க அதிக நேரம் வேண்டாம். இரண்டையும் ஒரே பாயில் இருத்தியதுபோல ஒரு சங்கதி. 1981 இல் விசார்ட்ரி, அல்டிமா என்ற இரு விளையாட்டுகள் பகடை உருட்டும் வேலையைக் கணினியிடம் கொடுத்தன. ஆனால் அவை கடினமானவை, கணினி வைத்திருந்த பெரியவர்களுக்கானவை. அவற்றில் மயங்கிய ஹோரி, பத்து வயதுப் பிள்ளையும் வீட்டுத் தொலைக்காட்சியில் விளையாடக்கூடியதாக ஒன்றைச் செய்ய விரும்பினார்.

அவர் செய்த கணக்கு எளிமையானது. வீரனுக்கு உயிர், பலம், அனுபவம் என்று சில எண்கள். வெளியே போனால் முதலில் எதிர்ப்படுவது ஸ்லைம் என்ற நீல நிறப் பிராணி. அதற்கு உயிர் 3. அதை வென்றால் அனுபவம் 1. ஏழு ஸ்லைம்களை வென்றதும் ஒரு சின்ன இசை ஒலிக்கும். வீரன் இரண்டாம் படிக்கு ஏறிவிட்டான். மூன்றாம் படிக்கு 23 வேண்டும், நான்காம் படிக்கு 47. கடைசி, முப்பதாம் படிக்கு 65,535. அந்தக் கால இயந்திரம் இரண்டு பைட்டில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் அதுதான்.

இந்த எண்கள்தான் விளையாட்டின் உயிர். நேற்று உன்னை அடித்துத் துரத்திய பூதம் இன்று ஒரே வெட்டில் விழுகிறது. நீ வளர்ந்திருக்கிறாய் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். வாழ்க்கையில் நாம் வளர்வது நமக்குத் தெரிவதில்லை. பழைய சட்டை இறுகும்போதுதான் தெரியும். இங்கே ஒவ்வொரு அடியிலும் தெரிகிறது. வீரன் செத்தால்? அரசன் முன் மீண்டும் எழுந்து நிற்பான். கையிலிருந்த பொன்னில் பாதி போய்விடும். அனுபவம் மட்டும் ஒரு புள்ளிகூடக் குறையாது. தோற்ற பிள்ளையிடமிருந்து எதை எடுக்கலாம், எதை எடுக்கக்கூடாது என்று யோசித்து வகுத்த விதி அது.

இன்னொரு நுட்பம். தொடக்கத்தில் அரசன் தருவது 120 பொன். கடையில் பொல்லு 60, தோற்கவசம் 70. கூட்டினால் 130, பத்துப் பொன் குறையும். அடிக்கவா, தாங்கவா என்று முதல் ஐந்து நிமிடத்திலேயே நீ முடிவெடுக்க வேண்டும். அந்தப் பத்துப் பொன்னைக் குறைத்து வைத்த மனிதரை நான் மதிக்கிறேன்.

இத்தனையும் 64 கிலோபைட்டுக்குள். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு படம் இதைப்போலப் பல மடங்கு இடம் பிடிக்கும். நிரல் எழுதியவர் கோய்ச்சி நாகமுரா, அப்போது இருபத்திரண்டு வயதுகூட ஆகவில்லை. யப்பானியரின் கத்தகானா எழுத்துகள் முழுவதையும் வைக்க இடமில்லாமல், சிலவற்றை மட்டும் தெரிந்தெடுத்து, அவற்றால் எழுதக்கூடிய பெயர்களையே பூதங்களுக்குச் சூட்டினார்கள். வீரன் திரும்பி நிற்கும் படங்களுக்கும் இடமில்லை. அதனால் அவன் எந்தத் திசையில் போனாலும் முகம் நம்மைப் பார்த்தபடி இருக்கும். பக்கவாட்டில் நண்டுபோல நகர்வான்.

விளையாட்டை நிறுத்திவிட்டு மறுநாள் தொடர, அந்தக் கசெற்றில் எதையும் சேமிக்க வழி இருக்கவில்லை. அதற்கு அவர்கள் கண்ட வழி எனக்குப் பெரிதும் பிடித்தது. வீரனின் பெயர், பொன், அனுபவம், கையிலுள்ள பொருட்கள் எல்லாவற்றையும் எண்களாக்கி, அந்த எண்களை 20 எழுத்துகள் கொண்ட ஒரு மந்திரமாக மாற்றி அரசன் வாயால் சொல்ல வைத்தார்கள். அடுக்கும் முறை 5, 7, 5, 3. முதல் மூன்று வரியும் ஹைக்கூவின் அளவு. பிள்ளைகள் அதைக் கொப்பியில் எழுதி வைத்து, மறுநாள் திருப்பி உள்ளிட வேண்டும். ஓர் எழுத்துப் பிழைத்தால் அத்தனை உழைப்பும் போச்சு. இரண்டாம் பாகத்தில் மந்திரம் 52 எழுத்துவரை நீண்டது. அந்தத் தலைமுறை யப்பானியரிடம் கேட்டால், பிழையாக எழுதிய மந்திரத்தின் துயரத்தை இன்றும் சொல்வார்கள். மூன்றாம் பாகத்தில் கசெற்றுக்குள் சிறு பற்றரி வைத்ததோடு அந்தத் துயரம் தீர்ந்தது.

படங்கள் அகிரா தோரியாமாவுடையவை. டிராகன் பால் வரைந்தவர் என்றால் எங்கள் பிள்ளைகளுக்கும் தெரியும். ஸ்லைமை ஹோரி ஒரு சேற்றுக் குவியலாகக் கீறிக் கொடுத்தாராம். தோரியாமா அதை நீர்த்துளி வடிவில் சிரிக்கும் முகமாக்கித் திருப்பிக் கொடுத்தார். இசை கோய்ச்சி சுகியாமா. அவருடைய தொடக்க இசை பாகம் தவறாமல் வரும். 2021 யூலை 23 அன்று டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில் நாடுகளின் அணிவகுப்புக்கு முதலில் ஒலித்தது அதுதான். மெலிஞ்சிமுனைக் கூத்தில் வரவுப் பாட்டு எழும்பும்போது, கதை முழுவதும் தெரிந்த கிழவர்கள்கூட நிமிர்ந்து இருப்பார்கள். டிராகன் குவெஸ்டின் கதையும் பாகத்துக்குப் பாகம் பெரிதாக மாறுவதில்லை. ஊர், அரசன், இருள், பயணம். அதே மெட்டு என்பதுதான் அதன் பலம். மாற்றவில்லையே என்று குறை சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

1988 பெப்ரவரி 10, புதன்கிழமை, மூன்றாம் பாகம் வந்தது. கடைகளுக்கு முன் நீண்ட வரிசை. முதல் நாளிலேயே 10 இலட்சம் பிரதிகள் முடிந்தன. பள்ளிக்குப் போகாமல் வரிசையில் நின்ற ஏறத்தாழ 300 மாணவர்களைப் பொலிசார் பிடித்தனர். இதன் பிறகு வேலைநாட்களில் டிராகன் குவெஸ்ட் விற்கக்கூடாதென்று அரசாங்கம் சட்டம் போட்டதாக ஒரு கதை உலாவுகிறது, அது கட்டுக்கதை. அடுத்த பாகத்தை நிறுவனமே 1990 இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியிட்டது. அந்த 1988 பெப்ரவரியில் யாழ்ப்பாணத்தில் இந்தியப் படை நின்றது. நாங்களும் வரிசைகளில்தான் நின்றோம், வேறு வரிசைகளில்.

மூன்றாம் பாகத்தின் உலகப்படம் எங்கள் பூமியின் சாயலில் கீறப்பட்டது. ரோமுக்கு ஒரு ரோமாலி, போர்த்துக்கலுக்கு ஒரு போர்த்தொகா, இந்தியாவின் இடத்தில் பஹாரத்தா. கப்பல் வேண்டுமென்று போர்த்தொகா அரசனிடம் போனால், கிழக்கே போய்க் கறுத்த மிளகு கொண்டு வா என்கிறான். பஹாரத்தாவில் கடத்தப்பட்ட இருவரை மீட்டுக் கொடுத்தால், மிளகுக் கடைக்காரர் நன்றியோடு மிளகைத் தருகிறார். மிளகைக் கொடுத்தால் கப்பல் கிடைக்கிறது. 1498 இல் வாஸ்கோ ட காமாவைக் கள்ளிக்கோட்டைக்கு இழுத்ததும் மிளகுதான். அந்த வழியால் வந்தவர்கள் 1619 இல் யாழ்ப்பாண அரசைப் பிடித்தார்கள். எங்கள் துறைமுகத்துக் கோட்டையை எழுப்பியவர்களும் அவர்கள்தான். விளையாட்டில் மிளகு நன்றியாகக் கைமாறுகிறது. சரித்திரத்தில் அப்படி நடக்கவில்லை. ஆனாலும் ஒரு பிடி மிளகுக்கு ஒரு கப்பல் பெறுமதி இருந்த காலத்தைப் பிள்ளைகளுக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன பாடப்புத்தகம் எதையும் நான் படித்ததில்லை.

ஏழாம் பாகம் தீவகத்தாருக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. 2000 ஓகஸ்டில் வந்தது. நாயகன் மீன்பிடிப்பவரின் மகன். உலகத்தில் இருப்பது தங்கள் தீவு ஒன்றுதான் என்று ஊர் முழுவதும் நம்புகிறது. அவன் உடைந்த கற்பலகைத் துண்டுகளைத் தேடிப் பொருத்துகிறான். ஒவ்வொரு பலகையும் அவனை, பழங்காலத்தில் அழிந்துபோன ஒரு நிலத்துக்குக் கொண்டுபோகிறது. அங்கு நடந்த கேட்டை அவன் தடுத்தால், இன்றைய கடலில் அந்த நிலம் மீண்டும் எழும்பி நிற்கும். மிக நீளமானது, முதல் பூதத்தைச் சந்திக்கவே மணிக்கணக்காகும். பொறுமை இருந்தால் மட்டும் தொடங்குங்கள்.

மற்றப் பாகங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். எட்டாவது, 2004 இல், முழு முப்பரிமாண உலகத்தோடு வந்தது. பத்தாவது இணையத்தில் பலர் கூடி விளையாடுவது. பதினொன்று 2017 இல் வந்தது. புதிதாகத் தொடங்குபவருக்கு ஏற்றது.

ஐந்தாம் பாகத்தைக் கடைசிக்கு வைத்திருந்தேன். 1992 செப்ரெம்பர் 27 அன்று வெளிவந்தது. மூன்று தலைமுறைக் கதை. சிறுவன் ஒருவன் தகப்பனோடு ஊரூராகத் திரிகிறான். பகைவன் சிறுவனின் கழுத்தில் ஆயுதத்தை வைக்க, தகப்பன் எதிர்த்து அடிக்காமல் நின்று அடிவாங்கிச் சாகிறார். சிறுவன் பத்து ஆண்டு அடிமை. பிறகு ஒரு பீப்பாய்க்குள் ஒளிந்து கடலில் மிதந்து தப்புகிறான். வீடிருந்த சாந்தா ரோஸ் என்ற ஊருக்கு நடந்து போகிறான். ஊர் எரிந்து கிடக்கிறது.

நாங்கள் 1990 இல் நாரந்தனையை விட்டு ஓடினோம். பல ஆண்டுகளுக்குப் பிறகு திரும்பி வந்தபோது எங்கள் வீட்டுக்குக் கூரை இல்லை. விறாந்தைத் தூண் இரண்டும் கிணற்றடிக் கல்லும் இருந்தன. அதைப் பார்க்க அப்பா இருக்கவில்லை. திரையில் அந்தப் பெடியன் கருகிய சுவர்களுக்கிடையே நடந்தபோது, மருமகனிடம் கருவியை வாங்கி நானே அவனை மெதுவாக நடத்தினேன்.

அந்த ஊரின் குகைக்குள், தண்ணீரைக் கடந்தால், தகப்பன் ஒளித்து வைத்த கடிதமும் ஒரு வாளும் கிடைக்கும். வானுலகின் வாள். அதுவரை விளையாடிய எவரும் இதற்காகத்தான் வந்தோம் என்று நினைப்பார்கள். வாள் அவன் கைக்கு வசப்படாது. தேடப்படும் வீரன் அவன் அல்ல. அவன் பிறகு கலியாணம் செய்வான், இரட்டைப் பிள்ளைகள் பிறக்கும், சாபத்தால் கல்லாகிப் போவான். எட்டு ஆண்டு ஒரு வீட்டு முற்றத்தில் சிலையாக நிற்பான். திரையில் பருவங்கள் மட்டும் மாறும். கடைசியில் வளர்ந்த பிள்ளைகளே தேடி வந்து மீட்பார்கள். நாயகன் நாயகனல்ல என்று ஒரு விளையாட்டு இவ்வளவு நிதானமாகச் சொல்வதை வேறெங்கும் நான் காணவில்லை.

அந்தப் பாகம் கைபேசிக்கும் வந்திருக்கிறது, ஆங்கிலத்தில். பெயர்கள் அதில் வேறாக இருக்கும்; கதை அதேதான். மருமகன் போகமுன் என் கைபேசியில் இறக்கித் தந்துவிட்டுப் போனான். மின்விசிறிக்குக் கீழே, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, தினமும் அரை மணிநேரம். போன கிழமைதான் பிள்ளைகள் வந்து என்னைக் கல்லிலிருந்து மீட்டார்கள். நேற்றிரவு அந்த வாளை மகனுடைய கையில் கொடுத்தேன். அவனுக்கு அது பொருந்தியது.