தாலியா என்னும் சுங்கச்சாவடி

ரம்மியும் கழுதையும் ஆடி வளர்ந்த நம் தலைமுறைக்கு, இன்றைய பிள்ளைகளின் கையிலிருக்கும் சீட்டுகளைப் பார்த்தால் தலை சுற்றும். ராஜா, ராணி எதுவும் கிடையாது. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு படம், ஒரு பெயர், கீழே நாலு வரிச் சட்டம். 'மேஜிக்: தி கேதரிங்' என்னும் இந்த ஆட்டத்தை உருவாக்கியவர் ரிச்சர்ட் கார்ஃபீல்டு என்ற அமெரிக்கக் கணித வல்லுநர். 1993-ல் விற்பனைக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் என் மகனோடும் அவன் நண்பர்களோடும் உட்கார்ந்து நானும் ஆடுவதுண்டு. அதில் ஒரே ஒரு சீட்டைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன்.

அதன் பெயர் 'தாலியா, கார்டியன் ஆஃப் திராபென்'. (பெயரைக் கேட்டதும் என் மனைவி, "தாலியா? சீட்டாட்டத்தில் அதையுமா வைத்துவிட்டீர்கள்?" என்று பதறினாள்!) 2012-ல் 'டார்க் அசென்ஷன்' என்ற தொகுப்பில் வந்த வீராங்கனை இவள்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். குறைந்தது 60 சீட்டுகள் கொண்ட கட்டு ஒவ்வொருவருக்கும் உண்டு. ஆளுக்கு 20 உயிர்ப் புள்ளிகள். ஒரு சுற்றுக்கு ஒரு நிலச் சீட்டை இறக்கலாம். நிலங்கள் தரும் 'மானா' என்ற சக்திதான் நம் கைப்பணம். அதைச் செலவழித்து, களத்தில் நின்று போரிடும் வீரர்களை இறக்கலாம். அல்லது மந்திரங்களைப் போடலாம். வீரர் அல்லாத எதையும் மந்திரம் என்றே இங்கு சொல்கிறேன்.

தாலியாவை இறக்க 2 மானா போதும். பலம் 2, தாங்கும் சக்தி 1. சண்டையில் முதல் அடி இவளுடையது. ஆனால் இவள் பெருமை வேறு. இவள் களத்தில் நிற்கும்வரை மந்திரம் ஒவ்வொன்றுக்கும் 1 மானா கூடுதலாகக் கட்ட வேண்டும். வீரர்களுக்குச் சுங்கமில்லை, மந்திரங்களுக்கு மட்டும் சுங்கம். எதிராளி மட்டுமல்ல, நாமும் கட்டியாக வேண்டும்!

ஒரு மானா என்ன பிரமாதம் என்று தோன்றலாம். 5 மானா மந்திரம் 6 ஆனால் வலிக்காது. 1 மானா மந்திரம் 2 ஆனால் செலவு இரட்டிப்பு. 'டார்க் ரிச்சுவல்' என்று ஒரு மந்திரம்: 1 கொடுத்தால் 3 தரும், லாபம் 2. தாலியா நின்றால் 2 கொடுத்து 3 வாங்க வேண்டும், லாபம் 1. இப்படிப்பட்ட மலிவு மந்திரங்களை ஒரே சுற்றில் பத்துப் பன்னிரண்டு அடுக்கி ஆட்டத்தை முடிப்பவர்கள் இருக்கிறார்கள். பத்து மந்திரத்துக்குப் பத்து மானா சுங்கம் என்றால் அவர்கள் கணக்கு அங்கேயே உடைந்துபோகும்.

சாவடி வைப்பவன் முதலில் தன் வீட்டு வண்டிகளை எண்ணிப் பார்க்க வேண்டும். நம் கட்டில் வீரர்கள் நிறையவும் மந்திரங்கள் குறைவாகவும் இருப்பதே முதல் விதி. அடுத்தது வரிசை. 'ஈதர் வயல்' என்ற கருவி, நாளடைவில் நம் கையிலுள்ள வீரர்களை மானா இல்லாமலேயே களத்தில் இறக்க உதவும். ஆனால் அதுவும் வீரர் அல்லாத சீட்டுதான். எனவே முதல் சுற்றில் 1 மானாவுக்கு வயல், இரண்டாம் சுற்றில் தாலியா. மாற்றிச் செய்தால் நம் வயலுக்கு நாமே சுங்கம் கட்டுவோம்.

மூன்றாவது, துணை. 'வேஸ்ட்லேண்டு' என்ற நிலச் சீட்டைப் பலி கொடுத்தால், எதிராளியின் சிறப்பு நிலம் ஒன்றை அழிக்கலாம். தாலியா செலவைக் கூட்டுவாள். வேஸ்ட்லேண்டு வரவைக் குறைக்கும். மாதக் கடைசி எப்படியிருக்கும் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இந்த வழியில் போகும் ஒரு புகழ்பெற்ற கட்டுக்கு 'டெத் அண்ட் டாக்ஸஸ்', அதாவது 'சாவும் வரியும்' என்றே பெயர்.

நான்காவதுதான் முக்கியம். தாலியா தனியாக அடித்தால் 20 புள்ளிகளைத் தீர்க்கப் பத்துத் தாக்குதல் வேண்டும். அதற்குள் எதிராளி சுங்கத்துக்கும் சேர்த்து மானா சேர்த்துவிடுவான். அவள் வெற்றி தருவதில்லை, இரண்டு மூன்று சுற்று அவகாசம் தருகிறாள், அவ்வளவுதான். அந்த அவகாசத்தில் மற்ற வீரர்களை இறக்கித் தாக்காவிட்டால், சாவடி வைத்தும் பயனில்லை.

எதிராளியின் கட்டும் வீரர்களே நிறைந்ததானால் சுங்கத்துக்கு வேலையில்லை. அப்போது அவளைக் காவலுக்கு நிறுத்துங்கள். பலம் 3, தாங்கும் சக்தி 2 உள்ளவன் தாக்க வந்தால், முதல் அடியிலேயே அவன் விழுவான். அவளுக்குக் கீறல்கூட இராது. ஒருவர் பக்கம் ஒரு நேரத்தில் ஒரு தாலியாதான் நிற்க முடியும். கையில் இன்னொன்று வந்தால், முதலாமவள் விழும்வரை வைத்திருங்கள்.

இந்தச் சீட்டால் எங்கள் மேஜையில் ஒரு சண்டையும் வந்தது. எதிர்வீட்டுப் பையனுக்கு வயது பதின்மூன்று. மலிவு மந்திரங்களாலான கட்டு அவனுடையது. மூன்று ஆட்டம் தொடர்ந்து தோற்றதும் சீட்டுகளைக் கீழே வைத்துவிட்டான். "அங்கிள், இது ஆட்டமே இல்லை. நீங்க ஜெயிக்கலை, என்னை ஆடவிடாம பண்றீங்க. அடுத்த வாரம் நான் வரலை" என்றான். கண் கலங்கியிருந்தது. அவன் கேட்டது நியாயமான கேள்வி. பிறர் வழியை மறிப்பது ஒரு திறமையா?

நான் வாதாடவில்லை. என் கட்டை அவனிடம் கொடுத்து அவன் கட்டை நான் வாங்கிக்கொண்டேன். இரண்டாம் சுற்றில் தாலியாவை மகிழ்ச்சியோடு இறக்கினான். அடுத்த சுற்றில் கையிலிருந்த வயலுக்கும் வாள் மந்திரத்துக்கும் மானா போதாமல் விழித்தான். "என் சீட்டும் மாட்டிக்குதே அங்கிள்!" என்றான். நான் அவசரப்படாமல் 2 மானா சேரும்வரை காத்திருந்து, அவனுடைய 'லைட்னிங் போல்ட்' என்ற மின்னல் மந்திரத்தைப் போட்டு அவளை வீழ்த்தினேன். அது 3 புள்ளி அடிக்கும். அவள் தாங்குவதோ 1. சாவடியைக் கடக்கும் வழி அவன் கட்டிலேயே இருந்தது அவனுக்குப் புரிந்தது. அடுத்த ஞாயிறு வந்தான். கட்டில் மந்திரங்கள் சில குறைந்து வீரர்கள் கூடியிருந்தார்கள். அன்று என்னைத் தோற்கடித்தான்.

சுங்கம் இருவருக்கும் பொது என்பதால்தான் இது தந்திரமாகிறது, அநியாயமாகவில்லை என்பது என் தாழ்மையான கருத்து. விதிகள் இருவருக்கும் ஒன்றாயிருக்க, அதற்கேற்பத் தன்னைத் தயார் செய்தவன் முந்துகிறான்.

ஆடிப் பார்க்க விரும்பும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. உடனே கடைக்கு ஓடாதீர்கள். பழைய சீட்டுகள் மேல் காகிதம் ஒட்டிப் பெயரும் சட்டமும் எழுதினால் வீட்டு ஆட்டத்துக்குப் போதும். போட்டிகளுக்குத்தான் அசல் சீட்டு வேண்டும். பிள்ளைகளிடம் கட்டை மாற்றிக்கொண்டு ஆடுங்கள். இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்தால்தான் சீட்டின் மதிப்பு தெரியும்.