தாய் வயிற்றில் தயாராகும் 10 லட்சம் வடிகட்டிகள்!

நம் சிறுநீரகம் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10 லட்சம் வடிகட்டிகள் இருக்கின்றன. இவற்றுக்கு ‘நெப்ரான்’ என்று பெயர். ரத்தத்திலுள்ள கழிவைப் பிரித்துச் சிறுநீராக்குபவை இவைதான். அத்தனையும் தாயின் வயிற்றிலேயே உருவானவை. நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு அதன்பின் ஒன்றுகூடப் புதிதாக முளைப்பதில்லை!

கருவில் முதலில் தோன்றும் ஜோடிச் சிறுநீரகம் வேலை எதுவும் செய்யாமலே மறைந்துவிடும். இரண்டாவது ஜோடி சில வாரம் இருந்துவிட்டுக் கலைந்துபோகும். 5-வது வாரத்தில் தோன்றும் மூன்றாவது ஜோடிதான் நிலைக்கிறது.

எப்படி உருவாகிறது?

ஒரு சிறு குழாய் மொட்டுப்போல் கிளம்பி, பக்கத்திலுள்ள செல் கூட்டத்துக்குள் நுழைகிறது. மரம்போல் கிளை கிளையாகப் பிரிகிறது. ஒவ்வொரு கிளை நுனியையும் செல்கள் தொப்பிபோல் சூழ்ந்துகொள்கின்றன. அவை உருண்டையாகி, கால்புள்ளிபோல் வளைந்து, பிறகு ஆங்கில ‘எஸ்’ எழுத்தாக நெளிகின்றன. ஒரு முனையில் ரத்தக் குழாய் புகுந்து நூல்கண்டுபோல் சுருண்டுகொள்கிறது. மறுமுனை கிளைக் குழாயோடு சேர்கிறது. நெப்ரான் தயார்!

1950-களில் அமெரிக்க விஞ்ஞானி கிளிஃபோர்ட் கிராப்ஸ்டைன் எலிக் கருவில் குழாயையும் செல்களையும் பிரித்து வைத்துப் பார்த்தார். செல்கள் நெப்ரான் ஆகவில்லை, குழாயும் கிளைவிடவில்லை. ஒன்றுக்கு ஒன்று துணை இல்லாமல் முடியாது போலும்!

ஏழாம் மாதத்துக்குப் பிறகு

பாதிக்கு மேற்பட்ட நெப்ரான்கள் கடைசி 3 மாதத்தில்தான் உருவாகின்றன. வளைகாப்பு முடித்து மனைவியை ஊருக்கு ரயில் ஏற்றிவிடுகிறோமே, அப்போதுதான் உள்ளே வேலை மும்முரம்! 36-வது வாரத்தோடு அது முடிந்துவிடும். தாய்க்குப் போஷாக்குக் குறைந்து குழந்தை எடை குறைவாகப் பிறந்தால் நெப்ரான்களும் குறைவாகவே இருக்கும்.

அதனால் என்ன? இருக்கும் வடிகட்டிகளுக்குச் சுமை கூடும். 2003-ல் ஜெர்மன் டாக்டர்கள், விபத்தில் இறந்த 20 பேரின் சிறுநீரகங்களைச் சோதித்தார்கள். ரத்தக்கொதிப்பு இருந்த 10 பேருக்கு மற்றவர்களைப்போல் பாதி அளவு நெப்ரான்களே இருந்தன.

ஊருக்குப் பேசும்போது சாப்பாட்டையும் எடையையும் விசாரியுங்கள். இடுப்புவலி என்று கடையில் மாத்திரை வாங்கிப் போட விடாதீர்கள். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை 5-ம் மாதத்துக்குப் பிறகு சிசுவின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். பனிக்குட நீரும் வற்றும். அந்த நீரில் பெரும்பகுதி சிசுவின் சிறுநீரே!

குறைமாதக் குழந்தைக்கு மட்டும், பிறந்த பின்னும் சுமார் 40 நாள் வரை நெப்ரான்கள் உருவாவது உண்டு. அந்த நாட்களில் டாக்டரைக் கேட்காமல் எந்த மருந்தும் கொடுக்கக் கூடாது.