‘ஸ்பின்’: பஞ்சில் பிறந்து செய்தி வரை வந்த சொல்

வாஷிங் மெஷினில் ‘ஸ்பின்’ என்று ஒரு பட்டன் இருக்கிறது. கிரிக்கெட் வர்ணனையில் ஓவருக்கு ஓவர் ‘ஸ்பின்’ காதில் விழுகிறது. ஆங்கில அரசியல் செய்திகளிலும் ‘ஸ்பின்’ அடிக்கடி வருகிறது. மூன்றும் ஒரே சொல்தானா?

ஒரே சொல்தான். ஆனால், ‘ஸ்பின் என்றால் சுற்று’ என்று மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருப்பவர்கள் முதல் இரண்டு இடங்களில் ஒப்பேற்றிவிடலாம். மூன்றாவது இடத்தில் மாட்டிக்கொள்வார்கள்.

முதலில் வந்தது நூல்

கோவை, திண்டுக்கல், ராஜபாளையம் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் ‘ஸ்பின்னிங் மில்ஸ்’ என்ற பெயர்ப் பலகையைப் பார்த்திருப்பார்கள். அதாவது நூற்பாலை. ‘ஸ்பின்’ என்ற சொல்லின் பழைய பொருள் இதுதான்: இழைகளை இழுத்து, முறுக்கி, நூலாக்குவது. வேகமாகச் சுழல்வது என்ற பொருள் பிற்பாடுதான் வந்து சேர்ந்தது. தக்ளியும் ராட்டையும் சுழன்றால்தானே நூல் வரும்? செய்யும் வேலைக்கு இருந்த பெயர், அந்த வேலையில் தெரிந்த அசைவுக்கும் பெயராகிவிட்டது.

நூல் நூற்கும் கதிருக்கு ஆங்கிலத்தில் ‘ஸ்பிண்டில்’ என்று பெயர். சிலந்தியைக் குறிக்கும் ‘ஸ்பைடர்’ என்ற சொல்லும் இதே வேரிலிருந்து வந்ததுதான். நூல் நூற்பவள் என்ற பொருளில் பிறந்த ‘ஸ்பின்ஸ்டர்’, 17-ம் நூற்றாண்டு வாக்கில் இங்கிலாந்தின் சட்ட ஆவணங்களில் திருமணமாகாத பெண்ணைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. போகப் போக அதில் ஏளனமும் ஏறிக்கொண்டது. இங்கிலாந்து, வேல்ஸ் திருமணப் பதிவேடுகளில் 2005-ல்தான் அதை எடுத்துவிட்டு, ஆண், பெண் இருவருக்கும் பொதுவாக ‘சிங்கிள்’ என்று எழுத ஆரம்பித்தார்கள். இன்று ஒரு பெண்ணை அப்படிக் குறிப்பிடாமல் இருப்பதே நல்லது.

எது சுழல்கிறது, எது சுற்றுகிறது?

‘சுத்துது’ என்ற ஒரே சொல்லில் நாம் பேச்சை முடித்துவிடுகிறோம். ஃபேன் சுத்துது, பம்பரம் சுத்துது, பையன் ஊர் சுத்துறான். ஆங்கிலத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் இருக்கிறது.

ஸ்பின்: இருந்த இடத்தில் வேகமாகச் சுழல்வது. பம்பரம், வாஷிங் மெஷின் டிரம் போல. ‘மை ஹெட் இஸ் ஸ்பின்னிங்’ என்றால் ‘தலை சுத்துது’. ‘கோ ஃபார் எ ஸ்பின்’ என்றால், வண்டியை எடுத்துக்கொண்டு சும்மா ஒரு ரவுண்டு போய்வருவது.

ரொட்டேட்: தன் அச்சில் சுழல்வது. வேகம் முக்கியமில்லை. லத்தீனில் ‘ரோட்டா’ என்றால் சக்கரம். இதற்கு இன்னொரு பொருளும் உண்டு: முறை வைத்து மாற்றுவது. சர்வீஸ் சென்டரில் ‘டயர் ரொட்டேஷன்’ செய்யவா என்று கேட்டால், முன் டயரையும் பின் டயரையும் இடம் மாற்றிப் போடவா என்று அர்த்தம். ‘கிராப் ரொட்டேஷன்’ என்பது பயிர்ச் சுழற்சி.

ரிவால்வ்: வேறொன்றை மையமாக வைத்துச் சுற்றிவருவது. பூமி தன்னைத்தானே சுழல்வது ‘ரொட்டேஷன்’. இதற்கு 23 மணி 56 நிமிடம் ஆகிறது. சூரியனைச் சுற்றிவருவது ‘ரெவல்யூஷன்’. இதற்குச் சுமார் 365 கால் நாள். அறிவியல் தேர்வில் இரண்டையும் மாற்றி எழுதினால் மதிப்பெண் போய்விடும். ஆனால் அன்றாடப் பேச்சில் ஆங்கிலேயர்களே இவ்வளவு கறார் பார்ப்பதில்லை. ‘ரிவால்விங் டோர்’ தன் அச்சில்தான் சுழல்கிறது. ரிவால்வரில் தோட்டா போடும் உருளையும் அப்படியே.

டர்ன்: எவ்வளவு திரும்பினாலும் ‘டர்ன்’தான். குழாயைத் திருகுவது, சாவியைத் திருப்புவது, பக்கத்தைப் புரட்டுவது எல்லாம் இதில் அடக்கம். முழுச் சுற்று வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ட்வேர்ல்: விரலாலோ விளையாட்டாகவோ சுழற்றுவது. மீசையை முறுக்குவதற்கு இதுதான் சொல்.

வேர்ல்: கட்டுப்பாடில்லாத வேகச் சுழற்சி. ‘வேர்ல்பூல்’ நீர்ச்சுழி, ‘வேர்ல்விண்ட்’ சுழல்காற்று.

ரோல்: சுழன்றுகொண்டே நகர்வது, அதாவது உருள்வது.

ஸ்பின் வேறு, டர்ன் வேறு

800 டெஸ்ட் விக்கெட் எடுத்த முத்தையா முரளிதரனும், 537 டெஸ்ட் விக்கெட் எடுத்த சென்னை அஸ்வினும் ‘ஆஃப் ஸ்பின்னர்கள்’. அவர்கள் கையிலிருந்து பந்து சுழன்றபடி கிளம்புவது ‘ஸ்பின்’. தரையில் பட்டதும் அது திசை மாறுவது ‘டர்ன்’. முதலாவது வீசுபவரின் விரலும் மணிக்கட்டும் செய்யும் வேலை. இரண்டாவதில் ஆடுகளத்துக்கும் பங்கு உண்டு. ‘தேர் இஸ் ஸ்பின், பட் நோ டர்ன்’ என்று வர்ணனையாளர் சொன்னால் அவர் உளறவில்லை. ‘டாப் ஸ்பின்’ போட்ட பந்து நன்றாகச் சுழலும். ஆனால் பக்கவாட்டில் திரும்பாது, சட்டென்று இறங்கி எகிறும்.

இலக்கணத்திலும் ஒரு கவனம் தேவை. ‘ஸ்பின்’னின் இறந்தகால வடிவம் ‘ஸ்பின்டு’ அல்ல, ‘ஸ்பன்’. நேற்று சுழன்றது என்றாலும் ‘ஸ்பன்’, சுழன்றிருக்கிறது என்றாலும் ‘ஹேஸ் ஸ்பன்’.

செய்தியைச் சுற்றுவது

இனி மூன்றாவது இடம். ஆங்கிலத்தில் ‘ஸ்பின் எ யார்ன்’ என்றால் கதை விடுவது. ‘யார்ன்’ என்றால் நூல். நம் ஊர்ப் பேச்சிலும் ‘ரீல் சுத்தாதே’, ‘காதுல பூ சுத்தாதே’ என்கிறோம். ஏமாற்றுவதைச் சுற்றுவதாகச் சொல்வது இரண்டு மொழிக்கும் பழக்கமாகத்தான் இருக்கிறது.

அரசியல் ‘ஸ்பின்’ இதைவிட நாசூக்கானது. அதில் பொய் இருக்க வேண்டும் என்பதில்லை. உண்மையையே தனக்குச் சாதகமான பக்கம் திருப்பிக் காட்டுவதுதான் ‘ஸ்பின்’. அதைத் தொழிலாகச் செய்பவர் ‘ஸ்பின் டாக்டர்’. 1984-ல் அமெரிக்க அதிபர் தேர்தலில் ரேகனும் மாண்டேலும் மோதிய தொலைக்காட்சி விவாதத்தையொட்டி இந்தச் சொல் நியூயார்க் டைம்ஸ் தலையங்கத்தில் இடம்பெற்றது. விவாதம் முடிந்ததும் இரு தரப்பு ஆட்களும் நிருபர்களிடம் ஓடிவந்து ‘எங்கள் ஆள்தான் ஜெயித்தார்’ என்று விளக்கும் வேலைக்கு அப்படியொரு பெயர் கிடைத்தது.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 100 ரூபாய்க்கு விற்ற பொருள் முதல் ஆண்டு 10 சதவீதம் ஏறி 110 ரூபாய் ஆகிறது. அடுத்த ஆண்டு 6 சதவீதம் ஏறி 116 ரூபாய் 60 காசு ஆகிறது. இப்போது ஒருவர் ‘விலை உயர்வு விகிதம் குறைந்துவிட்டது’ என்று அறிக்கை விடுகிறார். அவர் சொன்னதில் பொய்யே இல்லை. 10 சதவீதம் 6 ஆனது உண்மைதான். ஆனால் கேட்பவர் மனதில் ‘விலை குறைஞ்சிடுச்சு’ என்று பதிகிறது. கடையில் போய் நின்றால் 6 ரூபாய் 60 காசு கூடுதலாகக் கொடுக்க வேண்டும். எதிர்த்தரப்பு இதே கணக்கை வைத்து ‘இரண்டே ஆண்டில் 16 சதவீதத்துக்கும் மேல் ஏறிவிட்டது’ என்று சொல்லலாம். அதுவும் உண்மை, அதுவும் ‘ஸ்பின்’தான்.

அதனால், ‘ஸ்பின்’ என்று ஒரு செய்தியில் படித்தால் உடனே ‘பொய்’ என்று மொழிபெயர்த்துவிட வேண்டாம். பொய்யைக் கண்டுபிடிக்க, நடந்ததா இல்லையா என்று விசாரித்தால் போதும். ‘ஸ்பின்’னைக் கண்டுபிடிக்க இன்னும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும்: எந்த எண்ணோடு எந்த எண்ணை ஒப்பிடுகிறார்கள்? சொல்லாமல் விட்டது எது? ஆங்கிலச் செய்தியானாலும் தமிழ்ச் செய்தியானாலும் கேட்க வேண்டிய கேள்விகள் இவைதான்.